டாங்க்கின் அடியில் கிடந்த 4 லிட்டர்: பழைய பத்மினியின் பந்தயப் பெட்ரோல் கணக்கு

எங்கள் பத்மினி கார், சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஒரு சுற்றுக்கு 390 கிராம் பெட்ரோல் குடிக்கிறது. இந்த எண்ணைக் கண்டுபிடிப்பது அப்படியொன்றும் கடினமாக இல்லை. டாங்க்கின் அடியில் பம்புக்கு எட்டாமல் கிடந்துவிடும் பெட்ரோல் எவ்வளவு என்று இன்னோர் எண் இருக்கிறது. ஆளைப் படுத்தி எடுத்தது அதுதான். பழைய கார் ஓட்டும் நண்பர்கள் கூடினால் பேச்செல்லாம் முதல் எண்ணைப் பற்றியே இருக்கும். காரை நடுவழியில் நிறுத்துவதோ பெரும்பாலும் இரண்டாவது எண்.

காரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் கடைசியில் வந்த பிரீமியர் பத்மினி. ஃபியட் 1100-இன் அதே 1089 சி.சி. இன்ஜின்: 68 மி.மீ. போர், 75 மி.மீ. ஸ்ட்ரோக். ஹெட்டைச் சற்றே சீவி, எக்ஸாஸ்டை மாற்றி, பின் சீட்டையும் உள்பூச்சுகளையும் கழற்றிவிட்டு, கார் உருண்டாலும் ஆளைக் காக்கும் இரும்புக் கூண்டான ரோல் கேஜ் போட்டிருக்கிறோம். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். கியர் லீவர் இன்னும் ஸ்டீயரிங் அடியில்தான் இருக்கிறது. பழைய டாங்க் துருப்பிடித்துப் போனதால், எங்களுக்கு முன் காரை வைத்திருந்தவர் டிக்கிக்குள் 20 லிட்டர் அலுமினிய டாங்க் ஒன்றைச் செய்து பொருத்தியிருந்தார். இந்தப் பதிவில் பாதி அந்த டாங்க்கைப் பற்றியது.

சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாட்களிலேயே ஃபியட் 1100 தமிழ்நாட்டுப் பந்தயக்காரர்களுக்கு நெருக்கமான கார். இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990-இல் வந்தது. ஒரு சுற்று 3.717 கி.மீ., 12 வளைவுகள், கடிகாரச் சுற்றில் ஓட்ட வேண்டும். கடிகாரச் சுற்று என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நாங்கள் ஓடுவது பட்டம் பதக்கம் எதுவும் இல்லாத ஓட்டம். பழைய கார் வைத்திருக்கும் சிலர் சேர்ந்து தடத்தை வாடகைக்கு எடுக்கிறோம். 45 நிமிட ஓட்டம். நேரம் முடிந்தபின் முன்னணிக் கார் கோட்டைத் தாண்டும்போது கொடி. நடுவில் பெட்ரோல் ஊற்றக் கூடாது. பெட்ரோலும் சூடான எக்ஸாஸ்டும் அவசரமும் ஒரே இடத்தில் சேர வேண்டாம் என்பதற்காக நாங்களே போட்டுக்கொண்ட விதி இது. ஆகவே புறப்படும்போது டாங்க்கில் என்ன இருக்கிறதோ அதுதான் கடைசிவரை.

அப்படியானால் 20 லிட்டரையும் நிரப்பிவிட்டுப் போகலாமே என்று கேட்கலாம். போகலாம். முதலில் அப்படித்தான் போனோம். பெட்ரோல் 20 லிட்டர் என்றால் ஏறக்குறைய 15 கிலோ. ஓட்டுநரோடு சேர்த்து 950 கிலோவுக்கு மேல் இருக்கும் காரில் அது பெரிய சுமை இல்லை. ஆனால் அந்தச் சுமை பின் அச்சுக்கும் பின்னால், உயரத்தில், அலைந்துகொண்டே இருக்கிறது. ஓட்டத்தின் தொடக்கத்தில் காரின் வால் ஒரு விதமாகவும் முடிவில் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும். தேவையில்லாத பெட்ரோலை ஒரு விபத்துக்குள் சுமந்து போவதிலும் எனக்கு விருப்பமில்லை. ஆகவே கணக்கில் இறங்கினோம்.

முதலில் காகிதக் கணக்கு. இன்ஜினை, சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஏற்றியதில்லை. 50 குதிரைசக்தி என்று வைத்துக்கொள்கிறேன். கூட்டிச் சொல்வதாக இருந்தாலும் கணக்குக்குப் பாதுகாப்பான பக்கம்தான். காற்றோடு பெட்ரோலைக் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் வைத்த பழைய இன்ஜின் முழு ஆக்சிலரேட்டரில் ஒரு குதிரைசக்திக்கு மணிக்கு 250 கிராம் அளவுக்குப் பெட்ரோல் எரிக்கும். அப்படியானால் மணிக்கு 12.5 கிலோ, அதாவது சுமார் 17 லிட்டர். ஆனால் சுற்று முழுவதும் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருக்க முடியாது. வளைவு, பிரேக், பாதி மிதி எல்லாம் போக, மூன்றில் இரண்டு பங்கு என்று எடுத்தால் மணிக்கு 11 லிட்டர் சொச்சம். எங்கள் சுற்று நேரம் 2 நிமிடம் 45 விநாடி. மணிக்குக் கிட்டத்தட்ட 22 சுற்று. ஆக, ஒரு சுற்றுக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே.

இங்கே மைலேஜை வைத்து யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நெடுஞ்சாலையில் இந்தக் கார் என்ன மைலேஜ் கொடுக்கிறது என்பதிலிருந்து பந்தயச் செலவை ஊகிக்க முயலாதீர்கள். சாலையில் இன்ஜின் பாதித் தூக்கத்தில் ஓடுகிறது. தடத்தில் அப்படி இல்லை. தூரத்தைவிட நேரம் நம்பத்தக்க அளவுகோல்: இன்ஜின் எத்தனை நிமிடம், எவ்வளவு திறந்த நிலையில் ஓடுகிறது என்பதே செலவைத் தீர்மானிக்கிறது. காரின் குதிரைசக்தி தெரிந்தால் மேலே சொன்ன கணக்கை எந்தப் பழைய காருக்கும் போடலாம். பத்து சதவீதம் முன்னே பின்னே இருக்கும். அந்தப் பத்து சதவீதத்தைச் சரிசெய்யத்தான் தராசு.

ஏன் தராசு, ஏன் லிட்டர் அளவு இல்லை? பெட்ரோல் வெயிலில் விரியும். ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது தோராயம். காலையில் நிழலில் அளந்த 12 லிட்டர், மதியம் தார்த்தரையில் நின்ற காருக்குள் இன்னும் அதே எடைதான், ஆனால் அதே அளவு இல்லை. பெட்ரோல் பங்க்கில் எழுதிப்போடும் அடர்த்திகூட 15 டிகிரி வெப்பநிலைக்குத் திருத்திய எண். இந்தியத் தர நிர்ணயப்படி அது ஒரு கன மீட்டருக்கு 720 முதல் 775 கிலோவுக்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். எடையில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பத்து கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தொங்கு தராசு ஒன்றை வாங்கினோம். காலியான இரும்பு ஜெர்ரி கேனின் எடையை அதன்மேலேயே பெயின்டால் எழுதிவிட்டோம். அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரையும் வைத்திருக்கிறோம். எங்கள் பெட்ரோல் சோதனை நாளின் வெப்பத்தில் லிட்டருக்கு 0.735 கிலோ காட்டியது. லிட்டரில் சொன்னால்தான் விளங்கும் என்பவர்களுக்காக மட்டும் அந்த எண்.

சோதனையில் இருக்கும் சிக்கல், பிட்டிலிருந்து (தடத்தின் ஓரம் கார்களை நிறுத்திக் கவனிக்கும் இடம்) வெளியே போகும் சுற்றும் உள்ளே வரும் சுற்றும் பந்தயச் சுற்றுகள் அல்ல என்பது. இன்ஜினைச் சூடாக்கும் நேரம், சோக்கை இழுத்து வைத்த நேரம் எல்லாம் அவற்றில் கலந்திருக்கும். எவ்வளவு என்று தனியாகப் பிரித்தெடுப்பது கடினம். பிரிக்கவும் தேவையில்லை, கழித்துவிட்டால் போதும். முதல் ஓட்டத்தில் வெளியே ஒரு சுற்று, வேகச் சுற்று மூன்று, உள்ளே ஒரு சுற்று. டாங்க்கை வடித்து, மீதியை நிறுத்தோம்: செலவு 1.86 கிலோ. இரண்டாவது ஓட்டத்தில் வெளியே ஒன்று, வேகச் சுற்று எட்டு, உள்ளே ஒன்று. செலவு 3.81 கிலோ. இரண்டுக்கும் வித்தியாசம் 1.95 கிலோ, அது முழுக்க முழுக்க ஐந்து வேகச் சுற்றுகளுக்கு உரியது. ஒரு சுற்றுக்கு 390 கிராம். லிட்டரில் 0.53. காகிதக் கணக்கோடு இவ்வளவு நெருக்கமாக வந்ததில் எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்தது. வேறொரு நாள் இன்னொரு நண்பரை ஓட்டவிட்டுப் பார்த்தோம். அவர் என்னைவிட வேகமானவர். 400 கிராம் எரித்தார். அந்தப் பத்து கிராம் அவருடைய திறமைக்கான விலை என்று எங்கள் மெக்கானிக் அண்ணன் சொன்னார். என் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே உரக்கச் சொன்னார்.

வடிப்பது பற்றி ஒரு குறிப்பு. டாங்க்கின் அடியில் வடிகால் திருகு இருந்தால் அது மட்டுமே வழி. குழாயை வாயில் வைத்து உறிஞ்சும் பழைய வித்தை வேண்டாம். திறந்த வெளி, இரும்புக் கேன், இரும்புப் புனல், காரின் உடலையும் கேனையும் இணைக்கும் ஒரு செம்புக் கம்பி, தீயணைப்பானோடு சும்மா நிற்பதற்கென்றே ஓர் ஆள். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். தராசு தள்ளி இருக்கட்டும்.

இந்த 390 கிராம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கான எண் என்பதையும் சொல்ல வேண்டும். முன்பு, எத்தனால் குறைவாக இருந்த நாட்களில், இதே கார் ஒரு சுற்றுக்கு 360 கிராம் என்று எங்கள் நோட்டில் இருக்கிறது. பிறகு பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் வந்தது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதக் கலவைக்கு ஏறக்குறைய 13.5. புதிய கார்களில் சென்சார் இதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் சரிசெய்துகொள்ளும். எங்கள் காரில் இருக்கும் சோலெக்ஸ் கார்புரேட்டருக்குக் கண்ணும் இல்லை, மூளையும் இல்லை. பெட்ரோல் பாயும் சிறு துளையான ஜெட் பழையது என்றால், அதன் வழியே பழைய அளவுதான் வரும். இன்ஜினுக்கு அது எட்டு சதவீதம் பற்றாக்குறை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது வெளுத்துப்போயிருந்தது. பிளக் நிறத்தை மட்டும் நம்பாமல் எக்ஸாஸ்டில் ஆக்சிஜன் சென்சார் ஒன்றை இரவல் வாங்கிப் பொருத்திப் பார்த்தோம். முழு மிதியில் லாம்டா 0.95 காட்டியது (காற்றும் பெட்ரோலும் சரிவிகிதத்தில் இருந்தால் லாம்டா 1; பெட்ரோல் கூடினால் அதற்குக் கீழே). இந்த மாதிரி இன்ஜின் முழுச் சக்தி கொடுக்கவும், பிஸ்டன் உருகாமல் இருக்கவும் 0.88 அளவில் இருக்க வேண்டும்.

சோலெக்ஸ் ஜெட்டில் பொறித்திருக்கும் எண் அதன் துளையின் விட்டம், மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கில். எங்களிடம் இருந்தது 125. அடுத்து 130 போட்டோம். எண்ணில் நான்கு சதவீதம்தான் கூடியிருக்கிறது. ஆனால் பெட்ரோல் பாய்வது துளையின் பரப்பைப் பொறுத்தது, பரப்போ விட்டத்தின் வர்க்கம். கணக்குப் போட்டால் 8 சதவீதம் கூடுதல். எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு! சென்சாரும் 0.88-க்கு வந்து நின்றது. சுற்றுக்கு 360 கிராம் 390 ஆனது இப்படித்தான். மைலேஜ் குறைந்தது என்று புலம்புவதைவிட, ஜெட்டை மாற்றாமல் ஓட்டி இன்ஜினைச் சுட்டுக்கொள்ளாமல் இருப்பது முக்கியம். பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தையும் அப்போதே மாற்றிவிட்டோம். எத்தனால் அவற்றை ஊறவைத்து மிருதுவாக்கிவிடும். இப்படிக் கலந்த பெட்ரோல் சூட்டில் சீக்கிரம் ஆவியாகவும் செய்கிறது. இன்ஜினோடு ஒட்டியிருக்கும் பம்புக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவே ஒரு தகடு வைத்த பிறகே பிட்டில் நின்றுவிட்டுக் கிளம்பும்போது, பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைக்கும் வேப்பர் லாக் நின்றது.

சில்லறைச் செலவுகளையும் தேடினோம். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது கார்புரேட்டரின் சிறு பம்ப் ஒரு சொட்டு கூடுதலாகப் பீய்ச்சும். கார்புரேட்டரைக் கழற்றி, பத்து முறை அழுத்தி, மருந்துக் குவளையில் பிடித்தால் 8 மி.லி. ஒரு மிதிக்கு 0.8. வளைவுக்கு ஒரு மிதி, கியர் இறக்கும்போது ஒரு உறுமல் என்று சுற்றுக்கு இருபது மிதி வைத்தால் 16 மி.லி., மொத்தத்தில் மூன்று சதவீதம். ஓட்டுநர் வீண் உறுமலைக் குறைத்தால் இதில் பாதி மிச்சம். அதேபோல, இன்ஜெக்ஷன் காரில் ஆக்சிலரேட்டரை விட்டால் பெட்ரோல் முழுதாக நின்றுவிடும்; கார்புரேட்டரில் அது நடக்காது. காலை எடுத்த பிறகும் ஐடிலிங் வழியே உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். பிரேக் பிடிக்கும்போது எக்ஸாஸ்டில் கேட்கும் பட்பட் சத்தம் ரசிகர்களுக்கு இனிமை, எங்கள் கணக்குக்குச் செலவு.

இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஒரு சுற்றுக்கு 390, இத்தனை சுற்று, கொஞ்சம் கையிருப்பு என்று பெருக்கிக் கூட்டி ஊற்றிக்கொண்டு போனோம். நீண்ட ஓட்டத்தின் கடைசிப் பகுதியில், வேகமான வலது வளைவில் இன்ஜின் இரும ஆரம்பித்தது. வளைவு முடிந்து நேர்ப்பாதைக்கு வந்தால் மூச்சு வந்துவிடும். அடுத்த வலது வளைவில் மறுபடியும் இருமல். இடது வளைவுகளில் அவ்வளவு இல்லை. பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று உள்ளே கொண்டுவந்து வடித்தால், 2.94 கிலோ வந்தது. நான்கு லிட்டர்! கணக்கில் ஏழு சுற்றுக்கும் மேலான பெட்ரோல் டாங்க்குக்குள் உட்கார்ந்துகொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறது.

காரைச் சமதரையில் நிறுத்தி, ஐடிலிங்கில் தானாக அணையும்வரை ஓடவிட்டுப் பார்த்தோம். மிஞ்சியது 300 கிராம்தான். ஆக, குழாயில் கோளாறில்லை, பம்பிலும் இல்லை. வளைவில்தான் கோளாறு. தட்டைச் சாய்த்தால் ரசம் ஒரு பக்கம் ஒதுங்குவதுபோல, கார் வலப்பக்கம் திரும்பினால் டாங்க்கில் உள்ளது இடது ஓரத்துக்கு ஏறுகிறது. கடிகாரச் சுற்றில் ஓடும் தடத்தில் வலது வளைவுகளே ஆட்சி.

இதைக் கணக்காகவும் போடலாம். டாங்க்கின் உள்ளளவு: அகலம் 50 செ.மீ., முன்னும் பின்னுமாக 25, உயரம் 16. உறிஞ்சும் குழாய் நட்ட நடுவில், அதாவது இடது சுவரிலிருந்து 25 செ.மீ. தள்ளி. எங்கள் டயருக்கு வளைவில் பக்கவாட்டு விசை 0.6 ஜி (புவியீர்ப்பில் 0.6 பங்கு) என்று வைத்துக்கொண்டால், பெட்ரோலின் மேற்பரப்பு ஒவ்வொரு 10 செ.மீ.-க்கும் 6 செ.மீ. சாயும். உள்ளே இருப்பது இடது சுவரோடு ஒட்டிய ஒரு முக்கோணமாக நிற்கும். அந்த முக்கோணத்தின் அடி 25 செ.மீ.-க்குக் குறைந்தால் குழாயின் வாய் வெளியே தெரிந்துவிடும். அடி 25, உயரம் 15, பரப்பு 187.5 சதுர செ.மீ.; அதை 25-ஆல் பெருக்கினால் 4.7 லிட்டர். அதாவது டாங்க்கில் 4.7 லிட்டர் இருக்கும்போதே நீண்ட வலது வளைவில் பம்ப் காற்றைக் குடிக்க ஆரம்பித்துவிடும். நிஜத்தில் 4 லிட்டரில்தான் இருமல் கேட்டது. கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் சில விநாடிகளுக்குத் தாக்குப்பிடிப்பதால் இந்த வித்தியாசம். முழு மிதியில் இன்ஜின் விநாடிக்கு 5 மி.லி.-க்குச் சற்றுக் குறைவாகவே குடிக்கிறது. கிண்ணத்தில் 50 மி.லி. இருந்தாலே பத்து விநாடி ஓடும்.

பெரிய பந்தயங்களிலும் இது நடந்திருக்கிறது. 1967-இல் இத்தாலியின் மோன்சாவில், ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஜிம் கிளார்க் டயர் பழுதால் ஒரு முழுச் சுற்றை இழந்து, அதை மீட்டு மறுபடியும் முதலிடத்துக்கே வந்தார். கடைசிச் சுற்றில் லோட்டஸ் பெட்ரோல் கிடைக்காமல் திணற, மூன்றாவதாகத்தான் கோட்டைத் தாண்டினார். டாங்க்கில் மிச்சம் இருந்தது, பம்பால் இழுக்க முடியவில்லை என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். அந்தப் பந்தயத்தை வென்றது ஹோண்டா ஓட்டிய ஜான் சர்டீஸ்.

தீர்வுக்கு வருகிறேன். இரண்டு யோசனைகள் எழுந்தன. இன்ஜின் பக்கத்தில் ஒரு லிட்டர் பிடிக்கும் சிறு கலம் ஒன்றை வைத்து, மின் பம்பால் அதை எப்போதும் நிரப்பி வைத்திருப்பது ஒன்று. பந்தயக் கார்களில் வழக்கமானதுதான். ஆனால் மின் பம்ப் வந்தால் அழுத்தத்தைக் குறைக்க ரெகுலேட்டர் வேண்டும். இல்லாவிட்டால் சோலெக்ஸின் ஊசி வால்வைத் தள்ளிக்கொண்டு கிண்ணம் வழியும். மோதினால் பம்பை நிறுத்தும் சுவிட்ச் வேண்டும். திரும்பி வரும் குழாய் வேண்டும். இன்ஜின் அறையில் இன்னும் ஒரு லிட்டர் பெட்ரோல், இன்னும் நான்கு இணைப்புகள். எனக்கு மனம் ஒப்பவில்லை. டாங்க்கையே திருத்துவது என்று முடிவானது.

உறிஞ்சும் குழாயை இடது ஓரத்துக்கு மாற்றினால் போதாதா என்று மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். "தம்பி, இந்த டிராக்குக்கு மட்டும் கார் கட்டுகிறோமா? இடப்பக்கம் திரும்பும்போது என்ன செய்வீர்கள்?" என்றார். நியாயம்தான். குழாய் நடுவிலேயே இருக்கட்டும், பெட்ரோலைப் பிடித்து வைப்போம் என்பது அவர் வழி.

டாங்க்கைக் கழற்றி, சோப்பு கலந்த வெந்நீரில் திரும்பத் திரும்பக் கழுவி, மூடியைத் திறந்துபோட்டுப் பல நாள் வெயிலில் வைத்தோம். காலி டாங்க் என்பது நிறைந்த டாங்க்கைவிட ஆபத்தானது. உள்ளே ஆவி மிச்சமிருந்தால் வெல்டிங் தீப்பொறி போதும். ஆர்கான் வெல்டிங் செய்பவர் தன் பங்குக்கு உள்ளே ஆர்கானைச் செலுத்திக் காற்றை வெளியேற்றிய பிறகே மேல் தகட்டை வெட்டினார். அவசரப்படாத ஆளாகப் பார்த்துக் கொடுங்கள்.

உள்ளே செய்தது இவ்வளவுதான். அகலத்தை மூன்றாகப் பிரிக்கும்படி இரண்டு தடுப்புத் தகடுகள், முன்பின்னாக. ஒவ்வொன்றின் அடி மூலைகளிலும் விரல் நுழையும் அளவுக்குத் துளை. மேலே காற்றுப் போக இடைவெளி. நடு அறைக்குள், குழாயின் வாயைச் சுற்றி, 12 செ.மீ. சதுரமும் 8 செ.மீ. உயரமும் உள்ள ஒரு பெட்டி. பெட்டியின் நான்கு சுவரிலும் அடியில் சிறு கதவு, உள்பக்கமாக மட்டும் திறக்கும். கீல் வைத்து மெல்லிய அலுமினியத் தகட்டைத் தொங்கவிட்டிருக்கிறார். பெட்ரோல் எந்தப் பக்கத்திலிருந்து பாய்ந்தாலும் அந்தப் பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். திரும்பப் போக முயன்றால் கதவு மூடிக்கொள்ளும். ரப்பர் எதுவும் கிடையாது, எத்தனாலுக்கு இரையாக. பெட்டி நிறைந்தால் ஒரு லிட்டருக்கு மேல் பிடிக்கிறது. முழு மிதியில் மூன்று நிமிடத்துக்கு மேல் தாங்கும் என்பதால் எந்த வளைவும் அதைக் காலி செய்ய முடியாது. மூடுவதற்கு முன் டாங்க்கில் தண்ணீர் ஊற்றி, கையால் சாய்த்துச் சாய்த்துக் கதவுகள் வேலை செய்கின்றனவா என்று பார்த்தோம். ஒரு கதவு ஒட்டிக்கொண்டது, ராவி விட்டோம்.

திரும்பப் பொருத்தி, வேண்டுமென்றே குறைவாக ஊற்றி, இருமல் வரும்வரை ஓட்டினேன். வடித்தபோது அரை கிலோ. 2.94 எங்கே, 0.5 எங்கே. இன்ஜினில் இவ்வளவு பெட்ரோலைச் சேமிக்க வேண்டுமானால் ஆறு சுற்று ஓடாமல் இருக்க வேண்டும்.

இனி ஊற்றும் கணக்கு. 45 நிமிடத்தில் எங்கள் வேகத்துக்கு 17 சுற்று வரும். ஆனால் முன்னணிக் கார் நேரம் முடிவதற்கு ஒரு நொடி முன்னால் கோட்டைத் தாண்டிவிட்டால், எல்லோரும் இன்னொரு சுற்று. நேரத்தை வைத்து நடக்கும் ஓட்டத்தில் இந்தக் கூடுதல் சுற்றை மறப்பவர்கள்தான் கடைசியில் நடந்து வருகிறார்கள். ஆக 18 சுற்றுக்கு 7.02 கிலோ. வெளியே போகும் சுற்று, அணிவகுப்புச் சுற்று, ஆறுவதற்கான சுற்று மூன்றுக்கும் சேர்த்து ஒரு கிலோ. வரிசையில் நின்று காத்திருக்க 100 கிராம். நெருக்கமான போட்டி அமைந்தால் ஓட்டுநர் வலது காலைக் கட்டுப்படுத்தமாட்டார் என்பதால் ஐந்து சதவீதம், 350 கிராம். எடுக்க முடியாத அடிமண்டி அரை கிலோ. மொத்தம் 8.97, ஊற்றுவது 9 கிலோ, அன்றைய வெப்பத்தில் 12 லிட்டருக்குச் சற்று மேல். பழைய டாங்க்காக இருந்தால் இதே ஓட்டத்துக்கு 11.4 கிலோ வேண்டியிருந்திருக்கும்.

குறைந்த 2.4 கிலோவால் சுற்று நேரம் குறைந்ததா என்று கேட்டால், அளக்க முடியவில்லை. காரின் எடையில் கால் சதவீதம் அது. என் பிரேக் தவறுகளே அதைவிடப் பெரியவை. 1957-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஃபாஞ்சியோ பாதி டாங்க்கோடு புறப்பட்டு, நடுவில் நிறுத்தி நிரப்பிக்கொண்டு, முழு டாங்க்கோடு வந்த ஃபெராரிகளை விரட்டிப் பிடித்த கதையைச் சொல்லி எடைக்கணக்கு போடும் நண்பர்கள் உண்டு. அவர் ஓட்டியது மசெராட்டி 250எஃப், ஓட்டியவர் ஃபாஞ்சியோ. பத்மினிக்கு அந்த வாதம் பொருந்தாது. எனக்கு வேண்டியது, கடைசிச் சுற்றிலும் வலது வளைவில் இன்ஜின் இருமாது என்ற உறுதி மட்டுமே.

ஓட்டும்போது சேமிப்பது பற்றியும் கொஞ்சம். முடுக்காமல் ஓட்டினால் பெட்ரோல் மிச்சமாகும் என்பது யாருக்கும் தெரியும். எங்கே விட்டால் நேரம் அதிகம் போகாது என்பதுதான் கேள்வி. நேர்ப்பாதையின் முடிவில், பிரேக் பிடிக்கும் இடத்துக்கு 50 மீட்டர் முன்பே ஆக்சிலரேட்டரை விட்டுப் பாருங்கள். 120 கி.மீ. வேகத்தில் அது ஒன்றரை விநாடி. விநாடிக்கு 5 மி.லி.-க்குக் கொஞ்சம் குறைவு என்றால் ஏறக்குறைய 7 மி.லி. மிச்சம். இழக்கும் நேரமோ கணக்குப்படி விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, ஏனென்றால் அந்த வேகத்தைப் பிரேக்கில் எப்படியும் தொலைக்கத்தான் போகிறோம். சுற்றில் மூன்று இடத்தில் இப்படிச் செய்தால் 20 மி.லி., நான்கு சதவீதம். டிரம் பிரேக்கும் சூடேறாமல் பிழைக்கும். மாறாக, வளைவிலிருந்து வெளியே வரும்போது சேமிக்க முயன்றால் நேர்ப்பாதை முழுவதும் நேரம் கசியும். கியரையும் கடைசி ஆர்.பி.எம். வரை இழுக்க வேண்டியதில்லை. இந்த இன்ஜின் 5,000-க்கு மேல் சத்தத்தைத்தான் கூட்டுகிறது, சக்தியை அல்ல. முன்னால் போகும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் பின்னால் காற்று மறைவில் ஒட்டிக்கொள்வதும் நல்ல வழிதான், ரேடியேட்டர் முள் அனுமதிக்கும்வரை.

டேஷ்போர்டு முள்ளை நம்ப வேண்டாம். பந்தயத்தில் அது மணியாட்டிக்கொண்டிருக்கும். ஒரு மரக்குச்சியில் லிட்டருக்கு லிட்டர் கோடு போட்டு, சமதரையில் டாங்க்குக்குள் விட்டுப் பார்க்கிறோம். தராசுக்கு அது ஒரு சாட்சி.

அண்மையில் நடந்த ஓட்டத்தில் 9 கிலோவோடு புறப்பட்டோம். நடுவில் ஒரு கார் மண்ணில் இறங்கியதால் மஞ்சள் கொடியில் ஒரு சுற்று மெதுவாகப் போனது. மொத்தம் 17 சுற்று, ஓர் இருமல்கூட இல்லை. கணக்குப்படி 7.73 கிலோ எரிந்திருக்க வேண்டும். வடித்து நிறுத்தபோது 1.35 மிச்சம், அதாவது எரிந்தது 7.65. மிச்சத்தில் அரை கிலோ அடிமண்டியைக் கழித்தால் பயன்படக்கூடியது 850 கிராம், இரண்டு சுற்றுக்குச் சற்று மேல். ஆகவே அடுத்த முறை 8.6 கிலோ போதும் என்று நோட்டில் எழுதினேன். மெக்கானிக் அண்ணன் அதை அடித்துவிட்டு மறுபடியும் 9 என்று எழுதியிருக்கிறார். கேனைப் பிடித்து ஊற்றுவது அவர் என்பதால் இப்போதைக்கு 9 தான்.